மிச்சம் வைத்த பகை

புதுச்சேரி
3-6-1985

நெரவி தங்கையன் அவர்களுக்கு,

பஞ்சநாதன் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். பதின்மூன்று வருஷம் கழித்து உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு ஒரு ஆசையும் இல்லை. டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

நான் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில், மூத்திர வியாதி வார்டில், புண்ணுக்குக் கட்டுக் கட்டும் வேலை பார்க்கிறேன். போன மாதம் உங்களுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தீர்களே, அந்தப் பதினோரு நாளும் நான் லீவு. சேர்க்கைச் சீட்டில் உங்கள் பெயரைப் பார்த்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் தங்கை அஞ்சுகத்திடம் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனில் புராஸ்டேட் என்கிற சுரப்பியைச் சுரண்டி எடுத்த சதைத் துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இப்போது முடிவு வந்திருக்கிறது. நாற்பது துணுக்கில் இரண்டில் புற்று இருக்கிறது. குழாயை எடுத்த அன்றே நீங்கள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டீர்களாம். "அந்தாளு உங்க பக்கத்து ஊருதானே? தமிழ்ல புரியற மாதிரி எழுதிப் போடுப்பா" என்று டாக்டர் காகிதத்தை என் கையில் கொடுத்தார். அந்தக் கையில் மூன்று விரலை எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

அவர் சொன்னது இதுதான். இது சின்னப் புற்று, சோம்பேறி வகை. உங்களுக்கு வயது அறுபத்தாறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விரல் விட்டுத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, வேறொன்றும் செய்யாமல் இருக்கலாம். பெரிதாகிறது என்றால் அப்போது வைத்தியம். வைத்தியம் என்றால் சென்னைக்குப் போய்க் கரண்ட் வைப்பது, அதாவது கதிர் பாய்ச்சிப் புற்றைப் பொசுக்குவது, இல்லாவிட்டால் இரண்டு விதையையும் எடுத்துவிடுவது. விதையில் ஊறுவதைத் தின்றுதான் அது வளருமாம். இரண்டுக்கும் இப்போது அவசரமில்லை என்கிறார். நேரில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சநாதன்


நெரவி
9-6-1985

டேய் பஞ்சநாதா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். "யாருங்க எழுதியிருக்கா?" என்று செல்லம் கேட்டாள். கடுதாசியை மடியில் சொருகிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். பெண்டாட்டியிடம் எடுத்துச் சொல்லக்கூடிய இடத்திலா வியாதி வந்திருக்கிறது?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என் உடம்புக்குள் ஒரு பகையாளி வந்து உட்கார்ந்திருக்கிறான், அவனை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிரு என்று நீ எழுதுகிறாய். யார், நீ! டாக்டர் உடனே வெட்டி எடுக்கணும் என்றுதான் சொல்லியிருப்பார். நீ சும்மா இரு என்று மாற்றி எழுதிவிட்டாய். அது உள்ளுக்குள்ளேயே தின்று நான் படுத்துச் சாக வேண்டும், நீ வந்து வாய்க்கரிசி போட வேண்டும், அதுதானே கணக்கு?

நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள். வேலியில் பாம்பைக் கண்டால் அது குட்டியா பெரிசா என்று நான் மூன்று மாதம் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. இந்த ஊர்க் காளைக்கெல்லாம் காயடித்தபோது பிடித்த கை இது. பேரன் எடுத்தவனுக்கு இனி விதை எதற்கு? எடுத்து நாய்க்குப் போடச் சொல்.

நேரில் வருகிறேன். டாக்டரையும் பார்க்கிறேன், உன்னையும் பார்க்கிறேன்.

தங்கையன்


புதுச்சேரி
28-6-1985

தங்கையன் அவர்களுக்கு,

வந்தீர்கள், பார்த்தீர்கள். கீழ்வரிசையில் எனக்கு இரண்டு பல் போயிற்று. உதட்டில் நாலு தையல். வார்டு வாசலில் இருபது நோயாளிகள் மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். போலீசைக் கூப்பிடட்டுமா என்று வாட்ச்மேன் கேட்டார். சொந்தக்காரர், வேண்டாம் என்றேன்.

டாக்டர் தன் வாயாலேயே உங்களிடம் சொன்னார், நான் எழுதியதை ஒரு சொல் மாறாமல். அதற்கு நீங்கள் அவரைப் பார்த்து, "இவன் சொல்லிக் குடுத்தத்தானே நீங்களும் சொல்றீங்க" என்று கேட்டீர்களாமே. அவர் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "யாருப்பா அந்த முரடன்?" என்றார். "எம் பொண்டாட்டியோட அண்ணன்ங்க" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அடித்தபோது என் இடது கையில் கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. உங்கள் கழுத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். குத்தாமல் விட்டதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். கடிக்கப் பல்லும் குறைச்சல்.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. உங்கள் முடிவு என் கைக்கு வந்த அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே போய் அடுத்தடுத்து இரண்டு டீ குடித்தேன். மூன்று நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எழுதாமலே விட்டால் என்ன என்றும் நினைத்தேன். ஆனால் எழுதினபோது உள்ளதைத்தான் எழுதினேன்.

பஞ்சநாதன்


நெரவி
6-7-1985

பஞ்சநாதனுக்கு,

உன் பல்லுக்காக எனக்கு வருத்தமில்லை.

கும்பகோணத்தில் ஒரு தனி டாக்டரைப் பார்த்துவிட்டேன். புற்று என்று நான் வாயெடுத்ததுமே, "எடுத்துடலாம், வாங்க" என்றார். அவர்தான் ஆம்பளை. இருபத்து நாலாம் தேதி போய்ப் படுக்கிறேன். இரண்டையும் எடுத்தால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாமாம். நடவுக்குள் எழுந்துவிடுவேன்.

இதை நான் ஆசைப்பட்டுச் செய்கிறேன் என்று நினைக்காதே. இப்போதெல்லாம் வரப்பில் உட்கார்ந்தால் அவன் உட்கார்கிறான். எழுந்தால் எழுந்திருக்கிறான். மூத்திரம் போகும்போதெல்லாம் அவன் அங்கே இருக்கிறானா என்று பார்க்கிறேன். இப்படி ஒருத்தனை உள்ளே வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது. அவன் முந்துவதற்குள் நான் முந்த வேண்டும்.

அன்றைக்கு மதகிலும் அதைத்தான் செய்தேன். தண்ணீர் முறைச் சண்டையில் நீயும் நானும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம். "பஞ்சநாதன் துண்டுக்குள்ள அருவாள மறச்சு எடுத்துக்கிட்டு வர்றாண்ணே" என்று செல்லையன் ஓடி வந்து சொன்னான். நீயும் வந்தாய், துண்டு மூடின கையோடு. நான் முந்திக்கொண்டேன், அதனால் இருக்கிறேன். நீ முந்தியிருந்தால் இன்றைக்கு எனக்குப் புற்றும் இல்லை, புண்ணாக்கும் இல்லை.

இனி எழுதாதே.

தங்கையன்


புதுச்சேரி
11-7-1985

மச்சானுக்கு,

என்னடா உறவு கொண்டாடுகிறான் என்று பார்க்கிறீர்களா? அன்றைக்கு வெட்டு விழுவதற்கு முன்னால் நான் உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் காதில் விழவில்லை.

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அஞ்சுகத்திடமும் குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். நீங்கள் வேண்டாத இடத்தில் இன்னொரு தடவை கத்தியை வைக்கப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அந்த ஆவணியில் லோகாம்பாளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். "எங்கண்ணன் மடியில உக்கார வெக்காம எம் புள்ளைக்குக் காது குத்த மாட்டேன். போயி வெத்தல பாக்கு வெச்சு அழச்சிட்டு வாங்க" என்று அஞ்சுகம் ஒற்றைக் காலில் நின்றாள். தாய்மாமனுக்கு வைக்க வேண்டிய முறை. சண்டையைக் காரணம் காட்டி அதை விட்டுவிட முடியுமா? வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், ஒரு தேங்காய். இவ்வளவும்தான் அன்றைக்கு என் கையில் இருந்தது.

ஏன் மூடினேன் என்று கேட்பீர்கள். வீம்பு. தண்ணீருக்குச் சண்டை போட்டவன் தாம்பூலத்தோடு சமாதானத்துக்குப் போகிறான் பார் என்று மதகில் நிற்பவர்கள் சிரிப்பார்களே என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். ஊரே பார்க்கட்டும் என்று தட்டில் ஏந்திக்கொண்டு வந்திருந்தால் என் விரல் இருந்திருக்கும். அந்த மட்டும் என் பேரிலும் தப்பு உண்டு. தேங்காய் வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று. நீங்கள் அதைப் பார்க்கவில்லை, ஓடிவிட்டீர்கள். நான் குனிந்து விரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போலீசில், அறுப்பு அரிவாள் பட்டுவிட்டது என்று சொன்னேன். அஞ்சுகம் காலில் விழுந்தாள், அதற்காக. லோகாம்பாளுக்கு இங்கே வந்த பிறகுதான் காது குத்தினோம், எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மடியில் உட்கார வைத்து. பதின்மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றால், வெட்டினவன் வாசலில் வந்து, நான் வெற்றிலைதான் கொண்டுவந்தேன் என்று கெஞ்ச எனக்கு மனசு வரவில்லை.

கும்பகோணத்து டாக்டர் உங்கள் பரிசோதனைக் காகிதத்தைப் படித்தாரா? அது இங்கேதான் இருக்கிறது. அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவரும் படித்துவிட்டு வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நான் குறுக்கே வரமாட்டேன்.

பஞ்சநாதன்


நெரவி
22-7-1985

மாப்பிள்ளைக்கு,

உன் கடுதாசி வந்த அன்றே செல்லையனைச் சாராயக்கடை வாசலில் பிடித்தேன். "அருவாளக் கண்ணால பாத்தியாடா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, துண்டுக்குள்ள கனமா இருந்துச்சு. அருவாளாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஆறேழு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்து எடுத்தார்களாம். அவனுக்கு விலாவில் இரண்டு எலும்பு முறிவு. அவன் பெண்டாட்டி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

நேற்றுக் கும்பகோணம் போனேன். காகிதத்தை நீட்டினேன். "அதெல்லாம் எதுக்குங்க, புத்துன்னு வந்தாச்சுல்ல, எடுக்கறதுதான்" என்றார். கையில் வாங்கவே இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இவனும் துண்டைத்தான் பார்க்கிறான், உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இருபத்து நாலாம் தேதி போகப் போவதில்லை.

ஆனால் சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. என் வயசுக்கு நான் அதைச் செய்து பார்த்ததே இல்லை. கை பரபரவென்கிறது. காரணமில்லாமல் நேற்று ஒரு வாழையை வெட்டிச் சாய்த்தேன், குலை தள்ளின வாழை. செல்லத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. இந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ காறித் துப்புவாய். அதனால் எழுதவில்லை.

தங்கையன்


புதுச்சேரி
3-8-1985

மச்சானுக்கு,

எழுதியிருந்தால் துப்பித்தான் இருப்பேன்.

செல்லையனை எதற்கு அடித்தீர்கள்? அன்றைக்கு அரிவாள் அவன் கையிலா இருந்தது? அவன் வாயால் சொன்னான், நீங்கள் கையால் வெட்டினீர்கள். பழியை அவன் விலாவில் இறக்கிவிட்டால் உங்களுக்குப் பாரம் குறைந்துவிடுமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது உங்களுக்கென்றே சொன்னது.

சும்மா இருப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஊரைவிட்டு வந்த முதல் வருஷம், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்கள்தான் என்று திரும்புவேன். பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் உட்காருவேன், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வாசலைப் பார்த்துத்தான் சாப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் சாப்பிடுகிறேன். இடது கையால் எழுதப் பழகினேன், கட்டுக் கட்டப் பழகினேன், லோகாம்பாள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது சிரித்தேன். பகையாளி எங்கும் போகவில்லை, அவன் பாட்டுக்கு இருந்தான். கைக்கு வேலை கொடுத்தால் அவன் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்பான். வேறு மருந்து எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செத்துப்போக வேண்டும் என்று எனக்கு இல்லை. நான் இருந்த மாதிரி நீங்களும் பயந்துகொண்டு, பார்த்துக்கொண்டு, பல வருஷம் உயிரோடு இருக்க வேண்டும். அதுதான் என் ஆசை. நல்ல ஆசையா, கெட்ட ஆசையா, எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் பதினாறு, திங்கட்கிழமை. எட்டு மணிக்குள் வந்து சீட்டு வாங்கிவிடுங்கள். அஞ்சுகம் வந்து நிற்பாள். அவளை அழ விடுங்கள், அதட்டாதீர்கள்.

பஞ்சநாதன்


காரைக்கால்
12-10-1985

மாப்பிள்ளைக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும். இடது கை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இது அந்த வியாதி இல்லை. அதைத்தான் அன்றைக்கு டாக்டர் தடவிப் பார்த்து, "அப்படியேதான் இருக்கு, போயிட்டு டிசம்பர்ல வாங்க" என்று சொல்லிவிட்டாரே.

நாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை மதகில் நின்றேன். செல்லையன் வந்தான். கைமேல் துண்டு. நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். என் கையில் மண்வெட்டி இருந்தது. முந்துவதற்கு வேண்டிய நேரம் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பத்தடி வரும்வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னடா செல்லையா துண்டுக்குள்ள?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அரிவாள்தான்.

வலது தோளில் எலும்புவரை இறங்கிவிட்டது. இருபத்திரண்டு தையல். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினான், பிறகு என்ன நினைத்தானோ, அரிவாளைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான் மண்வெட்டியை விட்டுவிட்டேன். அவனும் நானும் ஆள் வரும்வரை ஒரே வரப்பில் கிடந்தோம்.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் வந்து கேட்டார். யார் வெட்டினது என்று சொன்னேன். ஏன் வெட்டினான் என்றும், அவன் விலாவை நான் உடைத்ததையும் சொன்னேன். அதோடு 1972-ல் உன் கையில் பட்டது அறுப்பு அரிவாள் இல்லை என்றும் சொல்லிக் கைரேகை வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட முடியவில்லை.

ஊரில் என்னைப் பைத்தியக்காரன் என்கிறார்கள். "மம்பட்டி கையில இருந்துச்சே, பாத்துக்கிட்டு நின்னீங்களே! இன்னும் உள்ள இருக்கறதையும் பாத்துக்கிட்டேதான் நிக்கப் போறீங்களா? வெட்டி எடுத்துட்டு வாங்க" என்று செல்லம் தலையில் அடித்துக்கொள்கிறாள். மாட்டேன் என்றேன். செல்லையனை நான் அடித்தேன், அதனால் அவன் வந்தான். உள்ளே இருப்பவனை நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அவனும் என்னை ஒன்றும் செய்யவில்லை. செய்தால் பார்ப்போம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

வலி பொறுக்க முடியவில்லை. இதோடு நீ பஸ் ஏறி ஊரைவிட்டே போனாயே, எப்படிப் போனாய்?

தங்கையன்


புதுச்சேரி
15-10-1985

மச்சானுக்கு,

கடிதம் இன்று வந்தது. அஞ்சுகம் பாதி படித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீதியை லோகாம்பாள் படித்துக் காட்டினாள். கைரேகை வைத்த இடம் வந்ததும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கை எப்படிப் போனது என்று அவளுக்கு இதுவரை நான் சொன்னதில்லை. இனி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு வெட்டு விழுந்தால் எனக்கு இனிக்கும் என்று பதின்மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். இனிக்கவில்லை. ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். கட்டு மாற்ற வருகிறவன் காய்ந்த பஞ்சை அப்படியே பிடித்து இழுப்பான், விடாதீர்கள். தண்ணீர் விட்டு ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் வந்து பிரிக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம், இது என் தொழில். டிசம்பர் சோதனைக்கும் தோளைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது, நானே கூட்டிக்கொண்டு போவேன்.

அதுவரை யாரையும் அடிக்காமல் இருங்கள்.

பஞ்சநாதன்